அறை 6118-இன் பற்று

காரல் காயப் போட்டிருக்கிறேன்.
கச்சான் இன்றைக்கு ஒழுங்காக வீசுகிறது.
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
அந்த ரசீதை மறுபடி எடுத்தேன்.
ஒரு முழம் இருக்கும்.
தங்கச்சிமடத்தில் இவ்வளவு நீளமாக
யாரும் எனக்குக் கணக்குக் கொடுத்ததில்லை.

டிக்கெட் மகன் எடுத்தது.
அவன் வேலை பார்க்கிற கப்பல்,
பெற்றவளுக்குப் பாதி விலை.
மூன்று ராத்திரி. சென்னையில் ஏறி
சென்னையிலேயே இறங்குவது.
"அப்ப எங்கதான் போற?" என்றாள் சேசம்மா.
எனக்கும் விளங்கவில்லை.

ஏறியதும் கழுத்தில் ஒரு அட்டை.
எதை வாங்கினாலும் அதைக் காட்டு, டிங்.
ரூபாய் கண்ணிலேயே படவில்லை,
மடி கிழிந்த வலையில் மீன் போகிற மாதிரி
போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீர் பாட்டில் நூற்றிருபது.
காரல் அரைக் கிலோ.
காப்பி இருநூற்று நாற்பது.
காரல் ஒரு கிலோ.
மேல்தளத்தில் அதே காப்பியைச் சும்மா ஊற்றினார்கள் என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.
படிக்கட்டில் நிறுத்தி ஒருவன் படம் பிடித்தான்,
பிறகு அறுநூறு என்றான்.
என் மூஞ்சிக்கா என்று சிரித்துவிட்டு வந்தேன்.
வாங்கியிருக்கலாம்.

ரவிக்கை வெளுக்க நூற்றெண்பது.
முகம் கழுவுகிற தொட்டியில் கசக்கி
ஜன்னல் இல்லாத அந்த அறையில்
நாற்காலி முதுகில் காயப் போட்டேன்.
எனக்கு நேர் கீழே எங்கேயோ
துணி வெளுக்கிற கூடத்தில்தான்
பிரிட்டோ நின்றுகொண்டிருந்தான்.
பயணிகள் தளத்துக்கு அவன் வரக்கூடாது.
அவர்கள் தளத்துக்கு நான் போகக்கூடாது.
ஒரே கப்பல். பார்த்தது ஒரே தடவை,
லிஃப்ட் ஓரமாக, பத்து நிமிஷம்.
கையைப் பிடித்தேன்.
உப்பில் ஊறிய கை எனக்குத் தெரியும்,
அது கறுக்கும், வெடிக்கும்.
இது சோப்பில் ஊறிய கை,
ரேகையே இல்லை.

கடைசி நாள் கதவடியில் ரசீது.
அதன் அடியில் ஒரு வரி:
சேவைக் கட்டணம், ராத்திரிக்கு ஐந்நூறு.
சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தவர்,
பரமக்குடியில் துணைத் தாசில்தாராக இருந்தவர்,
"கட்டாயமில்லைம்மா,
கவுண்டர்ல கேட்டா எடுத்துருவான்" என்றார்.
அவர் எடுத்தார். அவர் சம்சாரத்துக்கும் எடுத்தார்.
அந்த வரிசையில் நானும் நின்றேன்.
ஏலக் கரையில் கூறுக்கு அஞ்சு ரூபாய் விடாதவள் நான்.
கவுண்டர்ப் பெண்
ஏதாவது குறையா என்று மட்டும் கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
பொத்தானை அழுத்தினாள்.
ஆயிரத்து ஐந்நூறு
என் பக்கம் திரும்பி வந்தது.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறுகிற வரைக்கும்
அந்தச் சந்தோஷம் இருந்தது.

நேற்று பிரிட்டோ பேசினான்.
"இந்த மாசம் கொஞ்சம் கொறையும்மா.
சம்பளத்துல பாதி அந்தக் கட்டணத்துலதான் வரும்.
இந்தத் தடவ நெறையப் பேரு எடுத்துட்டாங்க.
எந்த ஊரு ஆளுகளோ."
சிரித்தான்.
பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம்.
என்ன காற்று என்று கேட்டான்.
கச்சான் என்றேன்.
காரலா என்றான்.
காரல் என்றேன்.

ஆயிரத்து ஐந்நூறுக்கு ஆறேகால் கிலோ.
தராசில் நிறுத்து
ஒரு சின்னச் சாக்கில் தனியே கட்டினேன்.
யாருக்கு என்று சேசம்மா கேட்டாள்.
எடைக்கல் சரியா என்று பார்க்கிறேன் என்றேன்.

அங்கே பார், காகம்.
அந்தக் கோடிப் பாயில்.